மதகுச் சாவி

கதை எழுதுகிறவனுக்குப் பணம் இல்லாமல் ஓர் அத்தியாயம்கூட நகராது. அவனுடைய சொந்தப் பணத்தை நான் சொல்லவில்லை. அது இல்லாமல் காலம் தள்ள அவன் எப்பொழுதோ பழகிக்கொண்டு விட்டான். கதைக்குள்ளே வருகிற பணத்தைச் சொல்கிறேன். வரதட்சிணையில் பாக்கி இல்லை என்றால் கல்யாணம் தடைப்படுவானேன்? நிலத்தின் மேல் கடன் இல்லை என்றால் கதாநாயகன் பட்டணத்துக்கு ரயில் ஏறுவானேன்? வட்டிக் கடைக்காரர் ஒருவர் வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டால் போதும், எழுதுகிறவனுக்குப் பத்துப் பக்கம் நிச்சயம்.

ஆனால் அந்த வட்டிக் கடைக்காரர் ஏன் போன வருஷம் ஒரு வட்டியும் இந்த வருஷம் வேறு வட்டியும் கேட்கிறார் என்பதை எந்த நாவலாசிரியரும் விசாரித்ததாக எனக்கு நினைவில்லை. தேசத்திலே எல்லாரையும்விடப் பெரிய கடனாளி ஒருவர் இருக்கிறார்; அவருக்குச் சர்க்கார் என்று பெயர். அவர் வாங்கும் கடன், எழுதிக் கொடுக்கும் பத்திரம், அந்தப் பத்திரத்தைக் கடைத்தெருவில் வாங்கியும் விற்றும் ரிஸர்வ் பாங்கு நடத்துகிற வியாபாரம், இவைதாம் நம்முடைய வட்டிக்கெல்லாம் ஊற்று. "திறந்த சந்தை நடவடிக்கை" என்று இதற்கு ஒரு பெயர் வைத்துப் பத்திரிகையில் வர்த்தகப் பக்கத்தின் மூலையில் போட்டுவிடுகிறார்கள். நாமும் பக்கத்தைத் திருப்பி, கிரிக்கெட்டுக்கோ சினிமாவுக்கோ போய்விடுகிறோம்.

கொஞ்சம் பொறுங்கள். விஷயம் அவ்வளவு கஷ்டமானதல்ல. ஓர் ஏரியையும் அதன் மதகையும் நினைத்துக்கொண்டால் போதும்.

ஊரில் இருக்கிற பாங்குகள் எல்லாம் ரிஸர்வ் பாங்கில் கணக்கு வைத்திருக்கின்றன. ரிஸர்வ் பாங்கு ஒரு பாங்கிடமிருந்து நூறு கோடி ரூபாய்க்குச் சர்க்கார் பத்திரம் வாங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மூட்டை மூட்டையாக நோட்டுக் கொடுப்பதில்லை. அந்தப் பாங்கின் கணக்கில் நூறு கோடி வரவு என்று எழுதுகிறது, அவ்வளவுதான். ஒரு நிமிஷத்துக்கு முன் உலகில் இல்லாத நூறு கோடி இப்போது இருக்கிறது. மதகு திறந்து தண்ணீர் வாய்க்காலில் பாய்கிறது. பாங்குகளின் கையில் பணம் புரள, வட்டி இறங்குகிறது. மாறாக, தன்னிடம் உள்ள பத்திரத்தை ரிஸர்வ் பாங்கு விற்றால் நூறு கோடி பற்று எழுதப்படுகிறது, பணம் மறைகிறது, மதகு மூடுகிறது, வட்டி ஏறுகிறது. பிரம்மாவும் ருத்திரனும் ஒரே பேனாவில் குடியிருக்கிறார்கள் என்று சொல்லலாம்.

இந்த வித்தையை யாரும் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. அமெரிக்காவில் பெடரல் ரிஸர்வ் பாங்குகள் என்று பன்னிரண்டு உண்டு. 1922ல் அவற்றுக்கு வருமானம் சுருங்கிவிட்டது. கடன் வாங்கிய பாங்குகள் திருப்பிக் கட்டிவிட்டபடியால் வட்டி வரவில்லை. குமாஸ்தாக்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டுமே! ஆகவே ஆளுக்கொரு பக்கமாகச் சர்க்கார் பத்திரம் வாங்கிப் போட்டார்கள். வாங்கின பிறகுதான், நாட்டின் பணப் புழக்கமே தங்களுடைய இந்த வாங்குதலால் ஆடி அசைகிறது என்று அவர்களுக்குத் தெரிந்தது. உடனே ஒரு கமிட்டி போட்டு, இனி எல்லாரும் சேர்ந்தே வாங்குவது என்று தீர்மானித்தார்கள். நியூயார்க்கில் இருந்த பெஞ்சமின் ஸ்ட்ராங் என்பவர் அதற்கு முன்னின்றார். வயிற்றுப்பாட்டுக்குச் செய்த காரியம் உலகத்து மத்திய பாங்குகளுக்கெல்லாம் சாஸ்திரமாகிவிட்டது.

இன்னும் ஒரே ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு மேல் கணக்கே இல்லை. நூறு ரூபாய் பத்திரம். வருஷத்துக்கு மூன்று ரூபாய் வட்டி. அசலைத் திருப்ப நாள் குறிக்கவில்லை. பிறகு ஊரில் வட்டி மூன்றரையாக ஏறுகிறது. புதுப் பத்திரத்துக்கு மூன்றரை கிடைக்கும்போது உங்கள் மூன்று ரூபாய்ப் பத்திரத்தை யார் நூறு கொடுத்து வாங்குவார்கள்? மூன்று ரூபாய் வருமானம் நூற்றுக்கு மூன்றரை என்ற கணக்கில் படிய வேண்டுமானால் விலை 85 ரூபாய் 71 காசுதான். வட்டி அரை ரூபாய் ஏறியது. உங்கள் அசலில் பதினாலு ரூபாய்க்குமேல் போயிற்று. கிணற்றங்கரை ஏற்றத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு முனை மேலே போனால் மறு முனை கீழே போய்த்தான் ஆகவேண்டும்.

இந்த ஏற்றத்தின் இரண்டு முனைகளிலும் மனிதர்கள் தொங்கிக்கொண்டிருக்கிறார்கள். அங்கேதான் கதை ஆரம்பமாகிறது.

அமெரிக்காவில் ஹாரி ட்ரூமன் என்று ஒரு ஜனாதிபதி இருந்தார். முதல் உலக யுத்தத்தில் பிரான்ஸ் தேசத்துப் போர்முனையில் பீரங்கிப் படை ஒன்றுக்குக் காப்டனாக இருந்தவர். அந்த நாளில் தம் சம்பளத்தில் மிச்சம் பிடித்து "லிபர்ட்டி பாண்டு" என்ற யுத்தக் கடன் பத்திரம் வாங்கினார். தேசம் கேட்டது, கொடுத்தார். ஊருக்குத் திரும்பிக் கான்ஸாஸ் நகரத்தில் சட்டையும் கழுத்துப் பட்டையும் விற்கும் கடை ஒன்று வைத்தார். 1922ல் கடை நொடித்தது. இதற்கிடையில் வட்டி ஏறி, நூறு டாலர் பத்திரம் எண்பது டாலர் அளவுக்கு இறங்கியிருந்தது. பத்திரத்தை நம்பினவர்களை தேசம் கைவிட்டது என்ற எண்ணம் அவர் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிட்டது.

முப்பது வருஷம் கழித்து அவரே ஜனாதிபதி. இரண்டாவது யுத்தத்திலும் கோடிக்கணக்கான ஜனங்கள் பத்திரம் வாங்கியிருந்தார்கள். நீண்ட காலப் பத்திரங்களின் வட்டி இரண்டரை சதவீதத்துக்கு மேல் போகாமல் பெடரல் ரிஸர்வ் பார்த்துக்கொள்ளும் என்று 1942ல் ஓர் ஏற்பாடு. யார் விற்க வந்தாலும் முகவிலைக்கு ரிஸர்வ் வாங்கிக்கொள்ள வேண்டும். யுத்தத்தின்போது இது சரிதான். ஆனால் யுத்தம் முடிந்த பிறகும் தொடர்ந்தது. நன்றாக யோசித்துப் பாருங்கள்: யார் வந்து கேட்டாலும் வாங்க வேண்டும் என்றால், கேட்டவர்களுக்கெல்லாம் பணம் உண்டாக்கித் தர வேண்டும் என்று அர்த்தம். மதகுச் சாவி மதகுக்காரன் கையில் இல்லை. கடனாளியின் இடுப்பில் தொங்குகிறது. 1946 ஜூனிலிருந்து 1947 ஜூன் வரை ஒரே வருஷத்தில் அமெரிக்காவில் விலைவாசி 17.6 சதவீதம் ஏறிற்று. 1950ல் கொரியா யுத்தம் மூண்டதும் மறுபடியும் ஏறத் தொடங்கியது.

1951 ஜனவரி 31ஆம் தேதி. ட்ரூமன் பெடரல் ரிஸர்வின் திறந்த சந்தைக் கமிட்டி முழுவதையும் வெள்ளை மாளிகைக்கு அழைத்தார். தம்முடைய பழைய லிபர்ட்டி பாண்டுக் கதையைச் சொன்னார். ஜனங்களின் நம்பிக்கை குலையக் கூடாது என்றார். வந்தவர்கள் மரியாதையாகத் தலையசைத்தார்கள். ஆனால் வாக்குறுதி எதுவும் கொடுக்கவில்லை. மறுநாள் பத்திரிகையில் பார்த்தால், "ரிஸர்வ் போர்டு வாக்களித்துவிட்டது" என்று ஜனாதிபதி மாளிகையிலிருந்து அறிக்கை! பெரிய மனிதர்கள் வீட்டுச் சம்பந்தப் பேச்சில் இது நமக்குத் தெரிந்த உபாயந்தான். சிரித்துக்கொண்டே எழுந்து வந்திருப்போம். நிச்சயதார்த்தம் ஆகிவிட்டதாக ஊரெல்லாம் சொல்லிவிடுவார்கள்.

அந்தப் போர்டில் மாரினர் எக்லஸ் என்று ஓர் அங்கத்தினர் இருந்தார். முன்பு பல வருஷம் தலைவராக இருந்தவர். 1948ல் ட்ரூமன் அவரை மறுபடியும் தலைவராக்கவில்லை. அவர் அந்தக் கூட்டத்தில் நடந்தது என்ன என்று போர்டில் எழுதி வைத்திருந்த குறிப்பை எடுத்துப் பத்திரிகைக்காரர்கள் கையில் கொடுத்துவிட்டார். பிப்ரவரி முதல் வாரத்தில் தேசம் முழுவதும் படித்தது. ஜனாதிபதி சொன்னது ஒன்று, நடந்தது ஒன்று என்று வெட்ட வெளிச்சமாகிவிட்டது.

இந்தச் சமயம் பார்த்து நிதி மந்திரி ஜான் ஸ்னைடர் கண் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். கதையில் நான் இப்படி எழுதினால், "இது செயற்கை" என்று விமரிசகர்கள் கோபிப்பார்கள். அவருடைய உதவியாளர் வில்லியம் மெக்செஸ்னி மார்ட்டின் சர்க்கார் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். மார்ச் 4ஆம் தேதி உடன்பாடு வெளியாயிற்று. இனிப் பத்திர விலையைக் கட்டிப்பிடித்து நிறுத்த வேண்டிய கடமை ரிஸர்வுக்கு இல்லை. சாவி மதகுக்காரன் கைக்குத் திரும்பியது.

சில நாளில் ரிஸர்வ் தலைவர் மக்கேப் விலகினார். அந்த இடத்துக்கு ட்ரூமன் தம்முடைய ஆளான மார்ட்டினையே நியமித்தார். கோட்டைக்குள் தம் ஆளை அனுப்பிவிட்டதாக அவர் நினைத்திருக்கலாம். மார்ட்டினோ அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் நாற்காலிக்கு உரியவராகிவிட்டார். 1970 வரையில் இருந்தார். பதவியிலிருந்து இறங்கிய ட்ரூமனை ஒரு நாள் நியூயார்க் தெருவில் கண்டு மார்ட்டின் வணக்கம் சொன்னாராம். ட்ரூமன் ஒரே ஒரு வார்த்தை சொன்னாராம்: "துரோகி!" இப்படி ஒரு பேச்சு வெகு காலமாக வழங்கி வருகிறது.

எனக்கு இந்தக் கதையில் ட்ரூமன்மேல் கோபம் வருவதில்லை. எண்பது டாலருக்கு இறங்கிய பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அந்தப் பழைய சிப்பாய்தான் பேசினார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் விலைவாசி ஏறும்போது பத்திர விலையைக் காப்பாற்றினால், காகிதத்தில் நூறு நிற்கும். கடையில் அந்த நூறுக்கு எண்பது ரூபாய்ச் சாமான்தான் வரும். இறங்குவது எப்படியும் இறங்குகிறது. ஒரு வழியில் கண்ணுக்குத் தெரிகிறது. மற்றொரு வழியில் தெரிவதில்லை.

எங்கள் குடும்பத்திலேயே இதற்குச் சாட்சி உண்டு. அப்பாவின் அத்தை ஒருத்தி, நாங்கள் அத்தைப்பாட்டி என்போம், இளவயதில் கணவனை இழந்தவள். அவள் பங்குக்கு வந்த பணத்தில் ஐயாயிரம் ரூபாயை ஒரு வக்கீல் யோசனைப்படி மூன்று சதவீத சர்க்கார் பத்திரத்தில் போட்டிருந்தார்கள். ஆறு மாதத்துக்கு எழுபத்தைந்து ரூபாய் வட்டி. பத்திரத்தை வெள்ளைத் துணியில் சுற்றி, சுவாமி அலமாரியில் வைத்திருப்பாள்.

1951 நவம்பர் மாதம். லண்டனில் இங்கிலாந்து பாங்கு தன் வட்டியை இரண்டிலிருந்து இரண்டரை ஆக்கிற்று. அதே மாதத்தில் பம்பாயில் நம் ரிஸர்வ் பாங்கும் மூன்றிலிருந்து மூன்றரை ஆக்கிற்று. அப்போது கவர்னர் பெனகல் ராமராவ்; நிதி மந்திரி, முன்னாள் கவர்னரான சிந்தாமன் தேஷ்முக். வட்டியை உயர்த்தினதோடு இல்லை. பாங்குகளுக்குப் பணம் தேவைப்படும் பருவத்தில் அவற்றின் பத்திரங்களை இனிச் சாதாரணமாக வாங்கமாட்டோம், அவற்றின் பேரில் கடன்தான் தருவோம் என்றும் ரிஸர்வ் பாங்கு அறிவித்தது. வாஷிங்டனில் மார்ச்சில் நடந்தது பம்பாயில் நவம்பரில் வேறு உருவத்தில் நடந்தது. சர்க்கார் பத்திரங்களின் விலை மளமளவென்று இறங்கியது.

அந்தச் சமயத்தில்தான் அத்தைப்பாட்டியின் பேத்திக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. பத்திரத்தை விற்றுத் தரும்படி அப்பாவிடம் கேட்டாள். அப்பா விசாரித்துவிட்டு வந்து, நூற்றுக்கு நூறு கிடைக்காது, நிறைய அடிபடும் என்றார். எனக்கு அப்போது பத்து வயதுக்குள். அவர்கள் பேசியதை அம்மா பின்னால் பல தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

"ஏண்டா அம்பி, சர்க்கார் முத்திரை அப்படியே இருக்கே? காகிதம்கூடக் கசங்கலையே?"

"முத்திரை இருக்கு அத்தை. வட்டியும் தவறாம வரும். இப்போ வித்தா விலைதான் குறையும்."

"நான் ஒரு தப்பும் பண்ணலையேடா. அலமாரியை விட்டு வெளியிலேயே எடுக்கலையே!"

அப்பாவுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லையாம். ஒரு துண்டு நிலத்தை விற்றுக் கல்யாணத்தை நடத்தினார்கள். பத்திரம் அலமாரியிலேயே இருந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை எழுபத்தைந்து ரூபாய், ஒரு தம்பிடி குறையாமல் வந்துகொண்டிருந்தது. ஆரம்பத்தில் அந்தப் பணம் அவளுடைய சாப்பாட்டுச் செலவுக்குப் போதுமானதாக இருந்தது. அவளுடைய கடைசிக் காலத்தில் காப்பிப் பொடிக்கும் பாலுக்குமே காணவில்லை. சர்க்கார் அவளை ஏமாற்றியது என்று சொல்ல முடியாது. எழுதிக் கொடுத்ததை எழுதிக் கொடுத்தபடியே கொடுத்தது. பணம்தான் மெலிந்துபோயிற்று.

ராமராவின் கதையும் சுகமாக முடியவில்லை. 1956ல் நம் சென்னையைச் சேர்ந்த டி. டி. கிருஷ்ணமாச்சாரி நிதி மந்திரியானார். பில்களின் முத்திரைத் தீர்வையை அவர் உயர்த்தியது, ரிஸர்வ் பாங்கைக் கேளாமல் வட்டியை அரை சதவீதம் உயர்த்தினதற்குச் சமமாயிற்று. ராமராவ் ஆட்சேபித்தார். ரிஸர்வ் பாங்கு நிதி இலாகாவின் ஒரு பகுதிதான் என்ற தோரணையில் மந்திரி பேசினார். நேருஜியும் மந்திரி பக்கம் நின்றார். ஏழு வருஷத்துக்கு மேல் கவர்னராக இருந்த ராமராவ் 1957 ஜனவரியில் ராஜிநாமாக் கொடுத்துவிட்டுப் போனார்.

இதற்கு முன்பே, 1955ல், சத்தமில்லாமல் இன்னோர் ஏற்பாடு நடந்திருந்தது. ரிஸர்வ் பாங்கில் சர்க்காரின் கணக்கு 50 கோடிக்குக் கீழே இறங்கினால், சர்க்கார் தானாகவே ஒரு தாற்காலிக உண்டியல் எழுதிக் கொடுக்கும். ரிஸர்வ் பாங்கு அதற்குப் பணம் வரவு வைத்துவிடும். தாற்காலிகம் என்று பெயர் வைத்தார்களே தவிர, அது நாற்பத்திரண்டு வருஷம் நீடித்தது. 1974 முதல் அதற்கு வட்டி 4.6 சதவீதம் என்று நிலைத்துவிட்டது; வெளியே வட்டி எத்தனை ஏறினாலும் அது அசையவில்லை. போதாக்குறைக்குப் பாங்குகளும் தங்கள் டெபாஸிட்டில் ஒரு பங்கைச் சர்க்கார் பத்திரங்களில் போட்டாக வேண்டும் என்று சட்டம். 1990ல் அந்தப் பங்கு 38.5 சதவீதம் வரை போயிற்று. ரிஸர்வ் பாங்கில் கட்ட வேண்டியது வேறு 15 சதவீதம். நாமெல்லாம் பாங்கில் போட்ட நூறு ரூபாயில் ஏறக்குறைய ஐம்பத்து மூன்றரை ரூபாய் இப்படியே போயிற்று. கேட்ட வட்டிக்குக் கடன் கொடுக்கப் பிடித்து வைத்த ஆட்கள் இருக்கும்போது, கடைத்தெரு எதற்கு? திறந்த சந்தை என்று பெயர், கதவு பூட்டியிருந்தது.

அதைத் திறந்தவர்களில் முக்கியமானவர் டாக்டர் சி. ரங்கராஜன். கவர்னராக இருந்து 1994 செப்டம்பரில் நிதி மந்திரி மன்மோகன் சிங்கின் காலத்தில் அந்த உண்டியலுக்கு வரம்பு கட்டினார். 1997 ஏப்ரல் முதல் தேதியோடு அது ஒழிந்தது. அந்த வருஷம் நிதி மந்திரி ப. சிதம்பரம். சர்க்கார் பக்கத்திலும் பாங்கு பக்கத்திலும் தமிழ்நாட்டுக்காரர்கள் உட்கார்ந்து, 1951ல் வாஷிங்டனில் ஆன உடன்பாட்டை ஒத்த ஒன்றை நம் தேசத்துக்குச் செய்துகொண்டார்கள். அணைக்கட்டுத் திறந்தால் ஊரே கூடிக் கும்மியடிக்கிறது. இதற்கு ஒரு வெடிகூட யாரும் போடவில்லை. பிறகு 2003ல் ஒரு சட்டம் வந்து, 2006 ஏப்ரல் முதல் ரிஸர்வ் பாங்கு சர்க்காரிடமிருந்து நேராகப் பத்திரம் வாங்கக் கூடாது என்றாயிற்று. ஆபத்துக் காலத்துக்குச் சில விதிவிலக்குகள் உண்டு. மற்றபடி சந்தையில் பிறரிடமிருந்துதான் வாங்கலாம்.

"நேராக வாங்கினால் என்ன, சுற்றிக்கொண்டு வாங்கினால் என்ன?" என்று கேட்பீர்கள். சந்தை வழியாகப் போனால் கடனாளி முதலில் வேறொருவரிடம் போய்க் கடன் கேட்டாக வேண்டும். அந்த வேறொருவர் அவன் முகத்தைப் பார்த்து, "உனக்கு இன்ன வட்டிக்குத்தான் கொடுப்பேன்" என்று சொல்ல முடியும். அந்த ஒரு வார்த்தையில்தான் ஒரு தேசத்தின் நாணயம் அடங்கியிருக்கிறது.

அக்கரையில் இலங்கையில் 2022ல் நேர்ந்ததை மறக்க முடியுமா? மத்திய பாங்கு சர்க்காரின் உண்டியல்களை வாங்கி வாங்கிக் குவித்தது. அந்தக் கஷ்டத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. அந்நியச் செலாவணி வற்றிப்போயிற்று. ஆனாலும் அந்த ஆண்டு செப்டம்பரில் கொழும்பில் விலைவாசி முந்திய வருஷத்தைவிட ஏறக்குறைய எழுபது சதவீதம் ஏறியிருந்தது என்றால், கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் பென்ஷன் வாங்கிச் சாப்பிட்ட பெரியவர்கள் என்ன ஆகியிருப்பார்கள்? 2023ல் அவர்களும் மத்திய பாங்கு நேராக வாங்கக் கூடாது என்று சட்டம் செய்தார்கள்.

ஏற்றத்தின் மறு முனையும் நம் காலத்தில் கீழே வந்து இடித்திருக்கிறது. அத்தைப்பாட்டிக்கு நேர்ந்ததே 2023 மார்ச்சில் அமெரிக்காவில் சிலிக்கான் வாலி பாங்குக்கு நேர்ந்தது. வட்டி இறங்கியிருந்த நாளில் நீண்ட காலப் பத்திரங்களை ஏராளமாக வாங்கி வைத்திருந்தார்கள். வட்டி ஏறியது, பத்திர விலை இறங்கியது. டெபாஸிட் போட்டவர்கள் மார்ச் 9ஆம் தேதி ஒரே நாளில் 4,200 கோடி டாலர் திருப்பிக் கேட்டார்கள். மறுநாள் கதவு மூடியது. அத்தைப்பாட்டியிடம் யாரும் டெபாஸிட் போட்டிருக்கவில்லை. ஆகவே அவள் தப்பினாள்.

அதற்குச் சில மாதம் முன், 2022 செப்டம்பரில், லண்டனில் சர்க்கார் துணிந்து வரியைக் குறைக்கப் போக, பத்திர விலை சரிந்து, பென்ஷன் நிதிகளே ஆட்டம் கண்டன. இங்கிலாந்து பாங்கு 28ஆம் தேதி மதகைத் திறந்தது. அக்டோபர் 14க்கு மேல் ஒரு நாள்கூட இல்லை என்று முதலிலேயே தேதி குறித்துவிட்டு, மொத்தம் 1,930 கோடி பவுனுக்குப் பத்திரம் வாங்கி, சொன்ன தேதியில் நிறுத்தியது. அந்த மாதமே பிரதம மந்திரி பதவி விலகும்படி ஆயிற்று. திறக்கத் தெரிந்த கைக்கு மூடவும் தெரிய வேண்டும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

ஆகவே சாவி யார் கையில் இருக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால், தண்ணீர் வேண்டியவன் கையில் இருக்கக் கூடாது என்பேன். அவன் கெட்டவன் என்பதற்காக அல்ல. ட்ரூமன் கெட்டவர் அல்ல, கிருஷ்ணமாச்சாரியும் கெட்டிக்காரரே. பள்ளிக்கூடம் கட்டவும் அணை கட்டவும் பணம் வேண்டும் என்று கேட்கிற சர்க்காரிடம் முகத்தைத் திருப்பிக்கொள்வது எளிதல்ல. அதனால்தான் "இப்போது இல்லை" என்று சொல்லும் வேலைக்குத் தனியாக ஓர் ஆளை வைக்க வேண்டியிருக்கிறது. வைத்த பிறகு அவனைத் துரோகி என்று சொல்லாமலும் இருக்க வேண்டும்.

2021 நவம்பர் 12ஆம் தேதி முதல் நம்மைப் போன்றவர்களும் ரிஸர்வ் பாங்கில் செலவில்லாமல் நேரடியாகக் கணக்குத் திறந்து சர்க்கார் பத்திரம் வாங்கலாம் என்று வழி செய்திருக்கிறார்கள். காகிதமும் இல்லை, வெள்ளைத் துணியும் வேண்டாம். வாங்குங்கள் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல நான் தரகன் அல்ல. ஆனால் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், பாங்கில் பணம் போட்டிருக்கிற ஒவ்வொருவரும் அந்த ஏற்றத்தின் ஏதோ ஒரு முனையில்தான் இருக்கிறோம். அடுத்த தடவை பத்திரிகையின் மூலையில் அந்தச் சின்ன எழுத்துச் செய்தியைக் கண்டால், கிரிக்கெட்டுக்குப் போகுமுன் ஒரு நிமிஷம் நின்று படியுங்கள். மதகு திறக்கிறதா, மூடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிரிக்கெட்டு எங்கேயும் ஓடிப்போகாது.